முன்னால் பொலிஸ் நிற்கிறது: லைட் அடித்துக் காட்டுவதிலிருந்து ராடார் டிடெக்டர் வரை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் மட்டும் வாசியுங்கள்.

போன கிழமை கட்டாரில் இருக்கும் மச்சான் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று. "மச்சான், இது காருக்கு வெக்கிற சாமான். பொலிஸ் ஸ்பீட் அடிக்க நிண்டா முன்னுக்கே சத்தம் போடுமாம். லீவுல வரக்குள்ள ஒண்டு கொண்டு வரவா?" என்று கேட்டான்.

உடனே பதில் போடவில்லை. மறுநாள் பத்தாம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். பின்வரிசையில் இருந்து ஒரு பையன் கேட்டான்: "சேர், அப்ப நாம எதிர வாற வாகனத்துக்கு லைட் அடிச்சிக் காட்டுறதும் அதே வேலதானே?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் கேள்வி விடவில்லை. ஏனென்றால் அந்த "வேலை"யை நானும் செய்கிறேன். பாலத்தடியில் பொலிஸ் நிற்பதைக் கண்டால் எதிரே வருபவருக்கு இரண்டு தரம் லைட் அடிக்காமல் போனால் ஏதோ ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் போன மாதிரி இருக்கும். அதனால் இரவுகளில் இருந்து தேடி வாசித்தேன். இந்தப் பழக்கத்துக்கும் அந்தப் பெட்டிக்கும் நூறு வருசத்துக்கு மேற்பட்ட உறவு இருக்கிறது.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. அங்கே 1865இல் ஒரு சட்டம் வந்தது. இயந்திர வண்டி ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைல், ஊருக்குள் 2 மைல் வேகத்தில்தான் போகலாம். முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடியோடு நடந்து போகவும் வேண்டும். 1896இல் கென்ட் பகுதியில் ஒருவர் 2 மைல் போக வேண்டிய இடத்தில் 8 மைல் வேகத்தில் போய்விட்டார். பொலிஸ்காரர் சைக்கிளில் துரத்திப் பிடித்து நீதிமன்றத்துக்குக் கொண்டு போனார். வேகத்துக்காக விதித்த தண்டம் ஒரு ஷிலிங். எங்கள் ஊரில் ஐஸ்கிரீம் வண்டிக்காரரும் 8 மைலைத் தாண்டுவார்.

அதே வருசம் சட்டம் தளர்ந்தது. 1903இல் வந்த மோட்டார் கார் சட்டம் எல்லையை 20 மைல் ஆக்கியது. பொலிஸார் வீதியில் ஒரு தூரத்தை அளந்து, வேலிப் பற்றைக்குள் ஸ்டொப் வொச்சோடு ஒளிந்து நின்றார்கள். கார் முதல் குறியைத் தாண்டும்போது ஒருவர் சைகை காட்டுவார், மற்றவர் நேரம் பிடிப்பார். கார் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள். பற்றைக்குள் ஒளிந்து பிடிப்பது அவர்களுக்குப் பெரிய அவமானமாகப் பட்டது.

1905இல் லண்டனில் ஒரு உணவகத்தில் கூடி அவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதுதான் ஏஏ என்று இன்றைக்கும் உலகம் அறிந்த ஓட்டோமொபைல் அசோசியேஷன். இப்போது நடுவீதியில் கார் நின்றுவிட்டால் உதவிக்கு வருகிற நிறுவனம். தொடங்கிய நோக்கமோ பொலிஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அங்கத்தவர்களுக்குச் சொல்வது! சம்பளத்துக்கு ஆள் எடுத்து, சைக்கிள் கொடுத்து, வீதி வீதியாக நிறுத்தினார்கள். மச்சானின் கறுப்புப் பெட்டிக்கு இந்தச் சைக்கிள்காரர்தான் மூத்தப்பா.

பொலிஸார் சும்மா இருக்கவில்லை. இப்படி எச்சரித்த ஆட்கள் மீது, கடமையைச் செய்யவிடாமல் தடுத்தார்கள் என்று வழக்குப் போட்டார்கள். இரண்டு வழக்குகள் முக்கியம். முதலாவது பாஸ்டபிள் எதிர் லிட்டில். அதில் எச்சரித்தவர் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பு வந்தது. அவர் எச்சரித்த கார்கள் அந்த நேரம் வேக எல்லையைத் தாண்டியிருந்தன என்பதற்குச் சாட்சி இல்லை. குற்றம் செய்யாதவனைப் பார்த்து "கவனம்" என்று சொல்வதில் என்ன தடை?

இரண்டாவது பெட்ஸ் எதிர் ஸ்டீவன்ஸ். இதில் எச்சரித்தவர் ஏஏயின் ஆள். கார்கள் ஏற்கெனவே எல்லையைத் தாண்டி வந்து கொண்டிருந்தன. சைகையைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார்கள், பொலிஸாருக்குச் சாட்சி கிடைக்காமல் போனது. பிரதம நீதியரசர் அல்வர்ஸ்டன் பிரபு இருந்த அமர்வு இது தடுத்த குற்றம்தான் என்றது. 1910ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இந்தத் தீர்ப்பு இருக்கிறது.

எனக்கு மிகப் பிடித்த இடம் இது. கையும் அதே கைதான், அசைவும் அதே அசைவுதான். வேகமாகப் போகப் பார்ப்பவனை முன்கூட்டியே நிறுத்தினால் சட்டத்துக்கு உதவி. வேகமாக வந்து கொண்டிருப்பவனைத் தப்பவைத்தால் சட்டத்துக்குத் தடை. ஆனால் லைட் அடிக்கிற நேரம் எதிரே வருகிறவன் எந்த வகை என்று எனக்கு எப்படித் தெரியும்?

தீர்ப்புக்குப் பிறகு ஏஏ ஒரு தந்திரம் செய்தது. அவர்களுடைய ஆள், சங்கத்தின் சின்னம் பூட்டிய காரைக் கண்டால் சலூட் அடிப்பது வழக்கம். இனிமேல் அவர் சலூட் அடிக்காவிட்டால் காரை நிறுத்தி ஏன் என்று கேளுங்கள் என்று அங்கத்தவர்களுக்கு அறிவித்தார்கள். அவ்வளவுதான். முன்னால் பொலிஸ் இருந்தால் அவர் சும்மா நிற்பார். சலூட் அடிக்கவில்லை என்பதற்காக ஒருவரை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது? இந்த சலூட் வழக்கம் 1960கள் வரை இருந்தது.

இனி ராடாருக்கு வருவோம். அம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சத்தம் கீச்சென்று கூர்மையாகவும், தாண்டிப் போனதும் கொஞ்சம் தணிந்தும் கேட்கிறதல்லவா? அதை 1842இல் விளக்கியவர் ஒஸ்திரியாவின் கிறிஸ்டியன் டொப்ளர். பொலிஸ் ராடாரும் அதேதான். வானொலி அலையை அனுப்பி, காரில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிடும். யுத்தத்தில் விமானம் பிடிக்க வளர்ந்த தொழினுட்பம், யுத்தம் முடிந்ததும் வீதிக்கு வந்தது. 1947இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கிளாஸ்டன்பரி என்ற ஊரில் பொலிஸார் இதைப் பரீட்சித்தார்கள். பிரித்தானியாவின் ராடார் முன்னோடி சேர் ரொபட் வொட்சன்-வொட்டே பின்னொரு நாள் கனடாவில் ராடாரில் வேகத்துக்கு மாட்டிக்கொண்டார் என்று சொல்வார்கள்.

ராடாருக்கு ஒரு பலவீனம் உண்டு. இருட்டில் டோர்ச் அடித்து ஒருவனைத் தேடுகிறோம் என்று வையுங்கள். ஒளி அவனில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வந்தால்தான் நாம் அவனைக் காண்போம். அவனோ நம் டோர்ச்சை அதற்கு எவ்வளவோ முன்னமே கண்டுவிடுவான். ராடார் அலை போய்த் திரும்ப வேண்டும். டிடெக்டருக்கு அது ஒருவழியாக வந்தாலே போதும். முழு வியாபாரமும் இந்த ஒரு விசயத்தில்தான் நிற்கிறது.

1960களிலேயே அமெரிக்காவில் இப்படியான பெட்டிகள் விற்பனையில் இருந்தன. ஆனால் ஊரெல்லாம் வாங்கத் தொடங்கியதற்குக் காரணம் மத்திய கிழக்கு. 1973 ஒக்டோபரில், அது ரமழான் மாதம், எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலோடு யுத்தத்தில் இறங்கின. அமெரிக்கா இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்ததற்காக அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் 3 டொலர் அளவில் இருந்தது சில மாதத்தில் கிட்டத்தட்ட 12 டொலருக்குப் போனது. (பாண் கியூவில் நின்ற கதையை நம் மூத்தவர்கள் சொல்வார்களே, அதே காலம்தான். அந்த விலையேற்றம் நம்மையும் விட்டுவைக்கவில்லை.) எண்ணெயை மிச்சம் பிடிக்க ஜனாதிபதி நிக்சன் 1974 ஜனவரி 2ஆம் திகதி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நாடு முழுக்க வேக எல்லை 55 மைல், அதாவது 88 கிலோமீற்றர்.

பாலைவனத்தை வெட்டிப் போகும் நேர்வீதியில் 70, 75 மைலில் பழகியவர்களுக்கு இது தாங்கவில்லை. லொறிக்காரர்கள் சிபி ரேடியோவில் ஒருவருக்கொருவர் பொலிஸ் நிற்கும் இடத்தைச் சொன்னார்கள். மற்றவர்கள் டிடெக்டர் வாங்கினார்கள். ஒஹாயோ மாநிலத்தில் டேல் ஸ்மித் என்பவர் தானே வேகத்துக்குத் தண்டம் கட்டிய கோபத்தில் செய்த 'ஃபஸ்பஸ்டர்' பெயர் பெற்றது. 'ஃபஸ்' என்பது பொலிஸுக்கு அங்கே சொல்லும் பட்டப்பெயர்.

1978இல் ஜிம் ஜேகர், மைக் வலன்டைன் என்ற இரண்டு பொறியியலாளர்கள் 'எஸ்கோர்ட்' என்ற டிடெக்டரைக் கொண்டு வந்தார்கள். விலை 245 டொலர், தபாலில் மட்டும் விற்பனை. சாதாரண வானொலிப் பெட்டியில் இருக்கும் சுப்பர்ஹெட்டரடைன் முறையை அதில் வைத்ததால் பழைய பெட்டிகளைவிட எவ்வளவோ தூரத்திலிருந்தே பிடித்தது. பின்னர் இருவரும் பிரிந்தார்கள். வலன்டைன் 1992இல் வெளியிட்ட கருவியோ ராடார் முன்னாலா, பின்னாலா, பக்கத்திலா என்று அம்புக்குறியாலும் காட்டியது.

ஒரு நேர்மையான விசயத்தையும் சொல்ல வேண்டும். அந்த 55 மைல் சட்டம் வந்த வருசம் அமெரிக்காவில் வீதி விபத்து மரணம் 54,000க்கு மேலிருந்து 45,000 அளவுக்கு இறங்கியது. எண்ணெய் இல்லாததால் ஆட்கள் ஓடிய தூரமும் குறைந்ததுதான், எல்லாப் பெருமையும் வேக எல்லைக்கு இல்லை. ஆனாலும் சின்ன எண் இல்லை அது.

மறுபக்கம் பொலிஸ் ராடாரும் சுத்தத் தங்கமாக இருக்கவில்லை. 1979இல் மயாமியில் ஒரு ராடார் கன், அசையாமல் நின்ற பனை இன மரம் ஒன்று 86 மைல் வேகத்தில் போவதாகக் காட்டியது. ஒரு வீடு 28 மைலில் போனது! அந்த நீதிமன்றம் ராடார் சாட்சியை ஏற்க மறுத்தது. பிழை கருவியில் பாதி, பயிற்சியில்லாமல் பிடித்த கையில் பாதி. கருவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற நம் பிள்ளைகளுக்கு நான் இந்த மரத்தின் கதையைச் சொல்லிக் கொடுக்கிறேன்.

அதன் பிறகு நடந்தது கள்ளன்-பொலிஸ் விளையாட்டுத்தான். பொலிஸார் ராடாரை அணைத்து வைத்திருந்து, கார் கிட்ட வந்ததும் மட்டும் ஒரு நொடி அடித்தார்கள். பிறகு டிடெக்டரையே பிடிக்கும் கருவி வந்தது. சுப்பர்ஹெட்டரடைன் கருவி கேட்கிற நேரத்திலேயே தானும் மெல்லிய அலையொன்றைக் கசியவிடும். ஒட்டுக்கேட்கிறவன் வாய்க்குள் முணுமுணுத்து மாட்டுவது போல. 1990களில் லேசர் கன் வந்தது. அதன் கற்றை மிக ஒடுக்கம், ஒரு காரை மட்டும் குறிபார்க்கலாம். லேசருக்கு உங்கள் பெட்டி கத்துகிறது என்றால் பெரும்பாலும் உங்கள் வேகம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்றுதான் பொருள்.

வீதிக் கமராவின் கதை இன்னும் வேடிக்கை. அதன் முன்னோடியான கட்சோவைக் கண்டுபிடித்தவர் 1953 மொன்டே கார்லோ ரலியை வென்ற ஒல்லாந்து ஓட்டவீரர் மொரிஸ் கட்சோனிடஸ். தான் வளைவுகளில் இன்னும் வேகமாகப் போவது எப்படி என்று அளக்கத்தான் செய்தார்.

மச்சானுக்கு எழுதிய பதிலில் முக்கியமானதை இங்கேயும் போடுகிறேன், வெளிநாட்டில் கார் ஓட்டும் நம் ஆட்களுக்கு உதவும். முதலில் சட்டம். அமெரிக்காவில் சொந்தக் காருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் தடை இல்லை, வேர்ஜினியாவிலும் வொஷிங்டன் டீசியிலும் தடை, பெரிய வர்த்தக லொறிகளுக்கு எங்கும் தடை. கனடாவில் ஒன்டாரியோ, கியூபெக் உட்படப் பல மாகாணங்களில் வைத்திருப்பதே குற்றம். பிரான்சிலும் அப்படித்தான். இங்கிலாந்தில் 1998இல் வந்த ஒரு தீர்ப்பால் தப்பியது. இரண்டாவது, அதிக தூரம் பிடிக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். கடைகளின் தானியங்கிக் கதவும், புதுக் கார்களின் பக்கவாட்டு சென்சரும் பொலிஸ் ராடார் பாவிக்கும் 24 கிகாஹேர்ட்ஸ் பக்கத்திலேயே பேசுகின்றன. எதற்கெடுத்தாலும் கத்துகிற பெட்டியை மூன்றாம் நாள் நீங்களே அணைத்துவிடுவீர்கள். பொய்ச் சத்தத்தைப் பிரித்தறிவதுதான் நல்ல கருவி. வைப்பதென்றால் கண்ணாடியில் உயரமாக, முன்வீதி மறையாமல்.

"கொண்டு வர வேணாம்" என்று முடித்தேன். "ஏன்?" என்று கேட்டான். எங்கள் பாடசாலை வாசலைப் பற்றிச் சொன்னேன்.

பாலத்தடியில் பொலிஸ் நிற்கும். லைட் அடித்துக் காட்டியதும் எல்லோரும் அடங்கி ஒடுங்கி வருவார்கள். பொலிஸைத் தாண்டியதும் திரும்ப முறுக்குவார்கள். அவர்கள் முறுக்கி வேகம் எடுத்து முடிக்கிற இடம் எங்கள் வாசலில் இருக்கும் மஞ்சள் கோடு. போன வருசம் ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று அதில்தான் அடிபட்டது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பியது. கால் இன்னும் சரியாக ஊன்ற முடியவில்லை.

அந்தப் பையனிடம் திரும்பப் போனேன். "நீ கேட்டது சரி, ரெண்டும் ஒரே வேலதான். ஆனா லைட் அடிக்கிறதால வேகம் குறையுதா, எங்க குறையுதா எண்டு பாத்தமா?" என்றேன். பார்க்கப் போகிறோம். அடுத்த கிழமை, அதிபரிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொண்டு, மதிலுக்கு உள்ளே நின்று, பாடசாலைக்கு முன்னால் 100 மீற்றர் அளந்து, கைத்தொலைபேசியால் நேரம் பிடிக்கப் போகிறோம். 100 மீற்றரை 7.2 செக்கனுக்குள் கடந்தால் 50 கிலோமீற்றருக்கு மேல். 1905இல் பற்றைக்குள் இருந்தவர்கள் செய்த அதே கணக்கு. பொலிஸ் நிற்கும் நாளிலும் நிற்காத நாளிலும் தனித்தனியாக எழுதுவோம். இலக்கத்தகடு எழுதமாட்டோம், யாரும் பயப்படத் தேவையில்லை.

முடிவை இங்கேயே போடுகிறேன். அதுவரை நான் லைட் அடிக்காமல் போனால் கோபிக்க வேண்டாம்.