பிலாக்சரா பூச்சியும் பிரான்சின் திராட்சை வட்டாரங்களும்

பிலாக்சரா என்பது திராட்சைக் கொடியின் வேரில் சாறு உறிஞ்சி வாழும் மிகச் சிறிய பூச்சி. இதன் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பயிர்களைத் தாக்கும் அசுவினிக்கு இது நெருங்கிய உறவு. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி 1860களில் பிரான்சின் தென்பகுதிக்குள் நுழைந்து, அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்நாட்டின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது.

இன்று பிரெஞ்சு வைன் என்றதும் வட்டாரமும் திராட்சை இனமும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. போர்டோவுக்குக் கேபர்நே சொவிஞோன், மெர்லோ, பர்கண்டிக்குப் பினோ நுவார், ஷார்டொனே, பொஜொலேவுக்குக் காமே, அல்சாஸுக்கு ரீஸ்லிங், வடக்கு ரோன் பள்ளத்தாக்குக்குச் சீரா, தெற்கு ரோனுக்குக் கிரெனாஷ். இந்த இணைப்புகள் காலங்காலமாக மாறாமல் வந்தவை போலத் தோன்றும். சில உண்மையிலேயே பழையவை. ஆனால் எந்த இனம் எங்கே நிலைத்தது, எது மறைந்தது, எதைச் சட்டம் உறுதிசெய்தது என்பதில் பெரும்பகுதி, பிலாக்சரா வந்த 1863க்கும் முதல் வட்டாரப் பெயர்கள் சட்டப் பாதுகாப்புப் பெற்ற 1936க்கும் இடைப்பட்ட காலத்தில் முடிவானது.

பூச்சி வருவதற்கு முன்

கி.மு. 600 அளவில் இன்றைய மார்சேய் நகரை நிறுவிய கிரேக்கர்கள் திராட்சைச் சாகுபடியை அப்பகுதியில் தொடங்கினர். ரோமானியர் அதனை ரோன் ஆற்றின் வழியாக வடக்கே கொண்டுசென்றனர். இடைக்காலத்தில் கிறித்தவத் துறவு மடங்கள் இப்பணியைத் தொடர்ந்தன. 1098இல் தோன்றிய சிஸ்டர்சியன் சபைத் துறவிகள் பர்கண்டியில் உருவாக்கிய குளோ த வூஜோ தோட்டம் இன்றும் உள்ளது.

ஓர் இடத்தில் எந்த இனத்தை நடலாம் என்பதில் அரசு தலையிடுவதும் புதிதன்று. 1395இல் பர்கண்டிக் கோமகன் துணிவுள்ள பிலிப், காமே இனத்தைத் தன் நாட்டிலிருந்து அகற்ற ஆணையிட்டார். காமே மிகுதியாகக் காய்க்கும். ஆனால் அதன் வைன் தரம் குறைந்தது என்பது அவருடைய குற்றச்சாட்டு. பினோ இனத்தைக் காக்கவே இந்த ஆணை. காமேயின் பெற்றோரில் ஒன்று பினோ என்பது ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின், 1990களில் நடந்த மரபணு ஆய்வுகளில் தெரியவந்தது.

போர்டோவின் வளர்ச்சிக்கு வணிகமே காரணம். அக்கித்தேன் இளவரசி எலியனோர் 1152இல் மணந்த ஹென்றி, இரண்டு ஆண்டுகளில் இங்கிலாந்தின் அரசரானார். அதன்பின் மூன்று நூற்றாண்டுகள் போர்டோ துறைமுகம் ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்தது. அங்கிருந்து வைன் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குச் சென்றது. 1855 பாரிஸ் உலகக் கண்காட்சியை ஒட்டி, போர்டோவின் மெதோக் பகுதித் தோட்டங்கள் ஐந்து தரங்களாக வகைப்படுத்தப்பட்டன.

அக்காலத் தோட்டங்கள் இன்றுள்ளவை போல் இருக்கவில்லை. பர்கண்டியிலும் ஷாம்பேனிலும் கொடிகள் வரிசையாக நடப்படவில்லை. பழைய கொடியின் கிளையை வளைத்து மண்ணில் பதியம் போட்டுப் புதுக் கொடி வளர்த்தனர். அதனால் தோட்டம் ஒழுங்கற்ற அடர்ந்த புதராக இருந்தது. பல இனங்கள் ஒன்றோடொன்று கலந்து நின்றன. போர்டோவில் இன்று அரிதாகிவிட்ட மால்பெக், கார்மனேர் ஆகியவை அன்று பரவலாக விளைந்தன.

ஒரு நோய்க்குத் தேடிய தீர்வு

1840களின் பிற்பகுதியில் வட அமெரிக்காவிலிருந்து வந்த சாம்பல் நோய் பிரான்சின் கொடிகளைத் தாக்கியது. 1854இல் நாட்டின் வைன் உற்பத்தி வழக்கமான அளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. கந்தகப் பொடி தூவி இந்நோயைக் கட்டுப்படுத்த முடிந்தது. ஆயினும், நோயைத் தாங்கும் திறன் கொண்ட அமெரிக்கக் கொடிகளை வரவழைத்து நட்டுப் பார்க்கும் ஆர்வம் தோட்டக்காரர்களிடம் வளர்ந்தது. அக்கொடிகளின் வேரோடு பிலாக்சராவும் வந்தது. பாய்மரக் கப்பல்களின் நீண்ட பயணத்தில் மடிந்துபோன பூச்சி, விரைவாகச் செல்லும் நீராவிக் கப்பல்கள் வந்தபின் உயிருடன் கரைசேர்ந்தது என்பது வரலாற்றாளர்கள் தரும் விளக்கம்.

1863 வாக்கில், ஆவிஞோன் நகருக்கு எதிரே ரோன் ஆற்றின் மேற்கே உள்ள பூஜோ என்ற ஊரில் கொடிகள் காரணம் தெரியாமல் வாடத் தொடங்கின. இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. மூன்றாம் ஆண்டில் கொடியே செத்தது. தோட்டத்தின் நடுவில் தோன்றிய வாட்டம், எண்ணெய்க் கறைபோல் நாற்புறமும் பரவியது.

1868 ஜூலையில் மோன்பெலியே நகரத் தாவரவியல் பேராசிரியர் ழூல் எமீல் பிளான்ஷோன், கஸ்தோன் பசீல், பெலிக்ஸ் சாஹூ ஆகிய மூவர் கொண்ட குழு ஆய்வுக்குச் சென்றது. செத்த கொடிகளைத் தோண்டிப் பார்த்தபோது அழுகிய வேர்களைத் தவிர எதுவும் காணப்படவில்லை. பின்னர் நலமாகத் தெரிந்த ஒரு கொடியின் வேரைப் பூதக்கண்ணாடியால் பார்த்தனர். மஞ்சள் நிறப் பூச்சிகள் அதில் மொய்த்திருந்தன. கொடி செத்ததும் பூச்சிகள் அடுத்த கொடிக்கு நகர்ந்துவிடுவதால்தான் செத்த கொடியில் தடயம் கிடைக்கவில்லை.

இப்பூச்சி வேரைத் துளைத்துச் சாறு உறிஞ்சும்போது அங்கே முடிச்சுகள் உண்டாகின்றன. ஐரோப்பியத் திராட்சை இனத்தின் வேரில் இந்தப் புண் ஆறுவதில்லை. அதன் வழியே பூஞ்சைகள் புகுந்து வேரை அழுகச் செய்கின்றன. அமெரிக்க இனங்கள் பல்லாயிரம் ஆண்டுகள் இப்பூச்சியுடன் வாழ்ந்து பழகியவை. அவற்றின் வேர் புண்ணைச் சுற்றித் தக்கை போன்ற படலத்தை வளர்த்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. எனினும் இவ்வளவு சிறிய பூச்சி நோயின் விளைவே அன்றிக் காரணம் அன்று எனப் பாரிஸ் அறிஞர்கள் பலர் பல ஆண்டுகள் வாதிட்டனர். அமெரிக்காவின் மிசூரி மாநிலப் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலி, பிரான்சில் காணப்பட்டதும் அமெரிக்கக் கொடிகளில் வாழ்வதும் ஒரே பூச்சி என்று உறுதிப்படுத்தினார்.

மருந்தா, ஒட்டா?

பிரெஞ்சு அரசு, தீர்வு காண்பவருக்கு 1870இல் 20,000 பிராங்க் பரிசு அறிவித்தது. 1874இல் அதை 3,00,000 பிராங்காக உயர்த்தியது. கொடியின் அடியில் உயிருள்ள தேரையைப் புதைப்பது வரை ஆயிரக்கணக்கான யோசனைகள் வந்து குவிந்தன. அவற்றுள் மூன்று ஓரளவு பயன்தந்தன. குளிர்காலத்தில் தோட்டத்தை வாரக்கணக்கில் நீரில் மூழ்கடிப்பது ஒன்று; இது சமவெளியில் மட்டுமே இயலும். மணற்பாங்கான நிலத்தில் நடுவது மற்றொன்று. மணலில் பூச்சி பரவ முடியாது. கார்பன் டைசல்பைடு என்னும் திரவத்தை ஊசி போன்ற கருவியால் மண்ணுக்குள் செலுத்துவது மூன்றாவது. ஆண்டுதோறும் செய்யவேண்டிய இச்செலவைப் பணம் படைத்த தோட்ட உரிமையாளர்களே தாங்க முடிந்தது.

நிலையான தீர்வு ஒட்டுக்கட்டுதலாக அமைந்தது. அமெரிக்கக் கொடியை வேர்ச்செடியாக வைத்து, அதன்மேல் பிரெஞ்சு இனத்தின் குச்சியை ஒட்டினால் வேர் பூச்சியைத் தாங்கும். பழம் பழைய இனத்தின் பழமாகவே இருக்கும். ஒட்டு மாங்கன்று உருவாக்கும் அதே முறைதான் இது. ஆனால் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அழிவைக் கொண்டுவந்த கொடியையே மருந்தாக நடுவதா என்ற கேள்வி ஒருபுறம். அமெரிக்க வேர் வைனின் சுவையைக் கெடுக்கும் என்ற அச்சம் மறுபுறம். பர்கண்டியின் கோத்தோர் மாவட்டத்தில் 1887 வரை அமெரிக்கக் கொடிகளுக்குத் தடை இருந்தது.

முதலில் பயன்படுத்திய அமெரிக்க வேர்ச்செடிகள் சுண்ணாம்பு மண்ணில் வெளிறிப்போயின. ஷாம்பேன், கோன்யாக் போன்ற பகுதிகளின் நிலமோ சுண்ணாம்பு நிறைந்தது. ஆகவே 1887இல் பேராசிரியர் பியேர் வியாலா அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். டெக்சாஸ் மாநிலத்தின் தோட்டக்கலை வல்லுநர் தாமஸ் மன்சன், அங்குள்ள சுண்ணாம்புக் குன்றுகளில் வளரும் காட்டுத் திராட்சை இனங்களை அவருக்கு அடையாளம் காட்டினார். அவற்றைக் கொண்டு உருவாக்கிய வேர்ச்செடிகளே பல வட்டாரங்களைக் காத்தன. மன்சனுக்குப் பிரெஞ்சு அரசு விருது அளித்தது. பரிசுத் தொகையோ யாருக்கும் வழங்கப்படவில்லை. ஒட்டுமுறை பூச்சியை ஒழிக்கவில்லை, அதனுடன் வாழ வழிசெய்தது என்பது அரசின் வாதம்.

இதற்கிடையே 1878இல் அடிச்சாம்பல் நோயும் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தது. திருடர்களைத் தடுக்கச் சாலையோரக் கொடிகளில் தெளித்திருந்த மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீர், அந்நோயையும் தடுப்பதைப் போர்டோ பேராசிரியர் மிலார்தே கவனித்தார். 1885இல் அவர் வெளியிட்ட அக்கலவைதான் தமிழ்நாட்டு விவசாயிகளும் இன்று பயன்படுத்தும் போர்டோ கலவை.

எந்த இனம் திரும்பியது?

1875இல் பிரான்சின் வைன் உற்பத்தி 8 கோடி ஹெக்டோலிட்டருக்கும் மேல் இருந்தது. 1889இல் அது சுமார் 2.3 கோடியாகச் சரிந்தது. தோட்டம் முழுவதையும் பிடுங்கி, ஒட்டுக்கன்று வாங்கி நட்டு, காய்க்கும்வரை சில ஆண்டுகள் காத்திருக்கச் சிறு விவசாயிகளிடம் பணம் இல்லை. பலர் நிலத்தை விற்றனர். அல்ஜீரியாவுக்குக் குடிபெயர்ந்தவர்களும் உண்டு.

மீண்டும் நட்டவர்கள் ஒவ்வொரு கொடிக்கும் ஓர் இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பதியம் போடும் பழைய முறை இனி உதவாது. பதியக் கொடி தன் சொந்த வேரில் நிற்கும் என்பதால் பூச்சிக்கு இரையாகிவிடும். எனவே கொடிகள் வரிசையாக நடப்பட்டன. கலப்பாக நின்ற இனங்கள் குறைந்து, தேர்ந்தெடுத்த சில இனங்கள் பெருகின. போர்டோவில், பூக்கள் உதிர்ந்து காய்ப்புக் குறையும் குணமுள்ள கார்மனேரை யாரும் திரும்ப நடவில்லை. அந்த இனம் ஏறத்தாழ அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டது. 1994இல் பிரெஞ்சு அறிஞர் ழான் மிஷேல் பூர்சிகோ அதைச் சிலி நாட்டில் கண்டறிந்தார். பூச்சி வருமுன் போர்டோவிலிருந்து சென்ற கொடிகள் அங்கே மெர்லோ என்ற பெயரில் வளர்ந்துகொண்டிருந்தன.

தெற்கே லாங்கடாக் வட்டாரத்தின் பாதை வேறு. ரயில்பாதை வந்தபின் அது வடக்கு நகரங்களின் தொழிலாளர்களுக்கு மலிவு வைன் வழங்கும் பகுதியாகியிருந்தது. அங்கே மலைச்சரிவுகளை விட்டுச் சமவெளிகளில் அராமோன், காரிஞான் போன்ற மிகுவிளைச்சல் இனங்கள் பெருமளவில் நடப்பட்டன. வடக்கே பாரிஸைச் சுற்றியிருந்த தோட்டங்களோ தெற்கின் மலிவு வைனோடு போட்டியிட முடியாமல் பெரும்பாலும் மறைந்தன.

போலி வைனும் கலகங்களும்

பற்றாக்குறைக் காலத்தில் உலர்திராட்சையை ஊறவைத்தும், பிழிந்த சக்கையில் சர்க்கரையும் நீரும் சேர்த்துப் புளிக்கவைத்தும் வைன் என விற்றனர். 1889இல் ஒரு சட்டம், புதிய திராட்சையை நொதிக்கவைத்துப் பெறுவதே வைன் என வரையறுத்தது. ஆயினும் போலிகள் நிற்கவில்லை. புதுத் தோட்டங்கள் முழுமையாகக் காய்க்கத் தொடங்கியபோது, அல்ஜீரிய வைனும் சேர்ந்து சந்தையில் வந்து குவிய, விலை வீழ்ந்தது.

1907இல் லாங்கடாக் கொதித்தெழுந்தது. ஆர்ழலியே என்ற சிற்றூரின் திராட்சை விவசாயி மார்சலான் அல்பேர் இவ்வியக்கத்தின் தலைவரானார். ஜூன் 9 அன்று மோன்பெலியேயில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் திரண்டதாக மதிப்பிடப்படுகிறது. சில நாட்களில் நார்போன் நகரில் படையினர் சுட்டதில் பொதுமக்கள் உயிரிழந்தனர். அப்பகுதி இளைஞர்களே நிறைந்த 17ஆவது காலாட்படைப் பிரிவின் வீரர்கள் கீழ்ப்படிய மறுத்துக் கலகம் செய்தனர். அம்மாத இறுதியில் நிறைவேறிய சட்டம், ஒவ்வொரு விவசாயியும் தன் விளைச்சல் அளவை அறிவிக்க வேண்டும் என்றது. வைனில் சேர்க்கும் சர்க்கரைக்கு வரி விதித்தது.

ஷாம்பேனில் சிக்கல் வேறுவிதமானது. வெளியூர்த் திராட்சையை வாங்கி ஷாம்பேன் என விற்ற வணிகர்கள்மீது விவசாயிகள் சினம் கொண்டனர். ஷாம்பேன் எல்லையில் ஓப் மாவட்டம் சேருமா சேராதா என்பதும் பூசலானது. 1911 ஏப்ரலில் ஆய் என்ற ஊரில் வைன் நிறுவனங்களின் கட்டடங்கள் தீக்கிரையாயின.

பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு

இக்கலகங்கள் அனைத்தும் ஒரே கேள்வியை எழுப்பின: ஒரு வட்டாரத்தின் பெயர் யாருக்குச் சொந்தம்? 1905, 1919 ஆண்டுகளின் சட்டங்கள் எல்லையைப் பற்றிப் பேசின. ஆனால் எல்லைக்குள் எந்த இனத்தையும் நடலாம் என்ற ஓட்டை இருந்தது. ஷாத்தோநெப் துய் பாப் ஊரின் விவசாயிகள், வழக்கறிஞரும் தோட்ட உரிமையாளருமான பாரோன் லெ ருவாவின் தலைமையில் 1923இல் தங்களுக்குத் தாங்களே விதிகள் வகுத்தனர். நிலம், திராட்சை இனம், கத்தரிக்கும் முறை, குறைந்தபட்ச மது அளவு ஆகிய அனைத்தும் அவற்றில் இடம்பெற்றன.

இந்த முன்மாதிரியும், செனட் உறுப்பினர் ஜோசப் காப்யூவின் முயற்சியும் சேர்ந்து 1935 ஜூலை 30 அன்று நாடு தழுவிய ஆணையாக உருவாயின. கட்டுப்படுத்தப்பட்ட தோற்றப் பெயர் என்னும் முறை பிறந்தது. 1936 மே மாதம் ஆர்புவா, காசி, ஷாத்தோநெப் துய் பாப், மோன்பசியாக், தாவெல் ஆகியவை இப்பெயரைப் பெற்ற முதல் வைன்களாயின. இதே காலத்தில் நோவா, இசபெல் உள்ளிட்ட ஆறு அமெரிக்க, கலப்பினத் திராட்சைகள் தடைசெய்யப்பட்டன. பூச்சியைத் தாங்கும் அவற்றை எளிய குடும்பங்கள் தங்கள் தேவைக்காக நட்டு வந்திருந்தன. அமெரிக்கக் கொடி வேராக இருக்கலாம், பழமாக இருக்கக் கூடாது என்பது இதனால் சட்டமானது.

இன்றைய நிலை

1936இல் எழுதப்பட்ட பட்டியல்கள் இப்போது திருத்தப்பட்டு வருகின்றன. கோடை வெப்பம் கூடி அறுவடை முன்கூட்டியே வருவதால், 2021இல் போர்டோவுக்குத் தூரிகா நசியோனல், மார்ஸலான் உள்ளிட்ட ஆறு புதிய இனங்கள் அனுமதிக்கப்பட்டன. வைனின் கலவையில் இவை 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

பூச்சி இன்றும் பிரான்சின் மண்ணில் உள்ளது. எய்க்மோர்த் அருகிலுள்ள கடற்கரை மணலிலும், ஆய் ஊரில் மதில் சூழ்ந்த மிகச் சிறு தோட்டங்களிலும், வேறு சில இடங்களிலும் மட்டுமே கொடிகள் சொந்த வேரில் நிற்கின்றன. நாட்டின் மற்றத் திராட்சைத் தோட்டங்கள் ஏறத்தாழ அனைத்திலும் கொடி பிரெஞ்சு இனம். வேர் அமெரிக்க மரபினது.