முள்முடி நட்சத்திரமீன்: ஒரு பெயரின் வரலாறு

இயற்கையியலாளர் ரம்ஃபியஸ் அம்போன் தீவிலிருந்து எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1705இல் வெளியானது. முட்கள் அடர்ந்த, பல கரங்களுடைய நட்சத்திரமீன் ஒன்றை அது விவரிக்கிறது. 1758இல் லின்னேயஸ் அத்தகைய உயிரிக்குச் சூட்டிய பெயரே இன்றைய ‘அகாந்தாஸ்டர் பிளான்சி’ என்பதன் மூலம். முட்களில் நஞ்சுடைய இவ்வுயிரி, இரைப்பையை வாய்வழியே வெளித்தள்ளிப் பவளத்தின் உயிர்த்திசுவைச் செரித்து, வெண்ணிறச் சுண்ணக்கூட்டை மட்டும் விட்டுச்செல்கிறது.

நெடுங்காலம் இது அரிய கடற்பொருளாகவே கருதப்பட்டது. 1962இல் ஆஸ்திரேலியாவின் கிரீன் தீவில் இது பெருந்திரளாகத் தோன்றியதும் அந்நிலை மாறியது. குவாம் தீவில் 38 கி.மீ. கரையோரத்தில் 90 விழுக்காடு பவளங்கள் மூன்றாண்டுகளுக்குள் அழிந்தன என 1969இல் செஷர் எழுதினார். அரும்பொருள் பகையாயிற்று.

ஆயினும் குற்றவாளி யார் என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. இதை உண்ணும் டிரைட்டன் சங்குகளை மனிதர் அள்ளிச் சென்றதே காரணம் என்றார் எண்டீன். நிலத்திலிருந்து மழைநீர் அடித்துவரும் ஊட்டப்பொருள்கள் மிதவைப் பாசியைப் பெருக்க, அதை உண்ணும் இளவுயிரிகள் மிகுதியாகப் பிழைக்கின்றன என 1982இல் பிர்க்லேண்ட் வாதிட்டார். கோடிக்கணக்கில் முட்டையிடும் உயிரியில் பிழைப்பு விகிதம் சற்றே உயர்ந்தாலும் விளைவு பெரிது.

இதன் சூழலியல் பங்கும் விவாதத்திற்குரியதாயிற்று. பனாமாவில் இது பவளப் பன்மையைப் பெருக்குகிறது என 1972இல் போர்ட்டர் கருதினார். அங்கு மிகுந்துள்ள பவளத்தின் கிளைகளில் வாழும் நண்டுகளும் இறால்களும் இதனை விரட்டிவிடுவதால், அருகிய பவளங்களே இரையாகின்றன எனக் கிளின் மறுத்தார்.

2008இல் வெளியான மரபணு ஆய்வு, ஒரே சிற்றினம் எனக் கருதப்பட்டது உண்மையில் நான்கு எனக் காட்டியது. பின்வந்த வகைப்பாட்டாளர்கள் ‘பிளான்சி’ என்னும் பெயரை வட இந்தியப் பெருங்கடல் இனத்திற்கே உரியதாக்கினர். இதன் உட்பொருள் ஆழமானது. குவாமிலும் ஆஸ்திரேலியாவிலும் அரை நூற்றாண்டு திரட்டிய சான்றுகள் வேறோர் இனத்தைப் பற்றியவை. லட்சத்தீவின் பவளத்திட்டுகளில் வாழும் உயிரிக்குப் பெயர் எஞ்சியது. அதன் மீதான குற்றச்சாட்டோ பசிபிக்கிலிருந்து கடனாக வந்தது. அக்கடனை இந்தியக் கடலின் சான்றுகளால் சரிபார்ப்பதற்கு முன், அதனை அழிக்க வேண்டிய பகையென்றோ காக்க வேண்டிய உறுப்பென்றோ தீர்ப்பளிப்பது வரலாற்றுப் பிழையாகும்.