வெள்ளவத்தை ஆலைவாயில்: இலங்கை இடதுசாரி இயக்கமும் தேசிய இனப் பிரச்சினையும்

1

கொழும்பு நகரின் வடவெல்லையில் களனி ஆற்றைக் கடந்தால் வத்தளையும் ஹெந்தளையும் வருகின்றன. ஆற்றின் தென்கரையில், துறைமுகத்தை அண்டிக் கொச்சிக்கடையும் கொட்டாஞ்சேனையும் அமைந்துள்ளன. கடலோரமாக மேலும் தெற்கே சென்றால் வெள்ளவத்தையை அடையலாம். இன்று தமிழ் வாசகருக்கு வெள்ளவத்தை என்றதும் நினைவுக்கு வருபவை காலி வீதிக் கடைகளும் கோயில்களும் மாடிக் குடியிருப்புகளும் மத்தியதர வர்க்க வாழ்க்கையுமே. அப்பெயர் ஒரு காலத்தில் ஓர் ஆலையின் பெயராகவும், ஒரு வேலைநிறுத்தத்தின் பெயராகவும் நாடெங்கும் அறியப்பட்டிருந்தமையை நாம் பெரும்பாலும் மறந்துவிட்டோம். ஹவ்லொக் வீதியில் அந்நூற்பு நெசவாலை நின்ற நிலத்தில் இப்போது வசதி படைத்தோருக்கான அடுக்குமாடி வீடுகள் எழுந்துள்ளன.

இலங்கையின் இடதுசாரி இயக்க வரலாறு 1935ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் திகதி லங்கா சமசமாஜக் கட்சி தோற்றுவிக்கப்பட்டதிலிருந்து தொடங்குவதாகக் கூறுவது வழக்கம். கட்சிகளின் வரலாறு என்ற வகையில் இது சரியே. ஆயின் ஓர் இயக்கத்தின் வரலாறு அதன் அமைப்பு விதிகளோடு தொடங்குவதில்லை. அவ்வியக்கம் எந்தச் சமூக முரண்பாட்டை முதன்முதலில் எதிர்கொண்டது, யாருடைய பக்கத்தில் நின்றது என்பதோடு தொடங்குகிறது. அவ்வாறு நோக்குமிடத்து, 1933ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெள்ளவத்தை ஆலைவாயிலில் நிகழ்ந்த போராட்டமே நமது கவனத்துக்கு முதலில் உரியதாகின்றது. அங்கு எழுந்த வினா எளிமையானது. தொழிலாளி என்பவன் யார்? உடனுழைக்கும் பிறமொழியாளனும் பிறநாட்டானும் அச்சொல்லுள் அடங்குவரா, அடங்காரா? பின்வந்த அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் இடதுசாரி இயக்கத்தின் ஏற்றமும் வீழ்ச்சியும் இவ்வினாவுக்கு அது அளித்த விடைகளோடு பிணைந்திருந்தன என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

2

வெள்ளவத்தைப் போராட்டத்தை விளங்கிக்கொள்வதற்கு அதற்கு முந்திய பத்தாண்டுகளை நோக்குதல் அவசியம். 1922இல் இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்த ஏ. ஈ. குணசிங்க, கொழும்புத் தொழிலாளரின் முதல் மாபெருந் தலைவர். 1923ஆம் ஆண்டு வேலைநிறுத்தம், 1927ஆம் ஆண்டுத் துறைமுக வேலைநிறுத்தம், 1929ஆம் ஆண்டு டிராம் வண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஆகியவற்றின் வாயிலாகக் கொழும்பு நகரின் உழைக்கும் மக்களை அவர் ஒரு சக்தியாக நிமிர்த்தினார். சர்வசன வாக்குரிமையை மேட்டுக்குடித் தலைவர்கள் வேண்டாமென்றபோது, டொனமூர் ஆணைக்குழுவின் முன் அதனை வற்புறுத்தியவர்களுள் அவர் முதன்மையானவர். அக்காலத்தில் அவரது சங்கம் இனங்கடந்த சங்கமாகவே விளங்கிற்று. தஞ்சையிலிருந்து இங்கு வந்து தேசநேசன், தேசபக்தன் ஆகிய இதழ்களை நடத்திய கோ. நடேசய்யர் அச்சங்கத்தின் உபதலைவராக இருந்தமை மனங்கொளத்தக்கது.

இந்நிலை நீடிக்கவில்லை. நடேசய்யர் பிரிந்து சென்று, 1931இல் தோட்டத் தொழிலாளருக்கான தனிச் சம்மேளனம் ஒன்றை அமைத்தார். 1929இல் முதலாளிமார் சம்மேளனத்துடன் கூட்டு உடன்படிக்கை செய்துகொண்ட குணசிங்கவின் சங்கம் சமரசப் பாதையில் இறங்கியது. அவ்வேளையிலேதான் உலகப் பொருளாதார மந்தம் இலங்கையைத் தாக்கிற்று. தேயிலை, இறப்பர் விலைகள் சரிந்தன, வேலையின்மை பெருகிற்று, கூலி வெட்டப்பட்டது. நெருக்கடிக்குக் காரணமான குடியேற்றவாதப் பொருளாதாரத்தைச் சாடுவதற்குப் பதிலாக, அதே நெருக்கடியால் நசுக்கப்பட்ட மலையாளத் தொழிலாளியைச் சாடும் பிரசாரத்தைக் குணசிங்க முன்னெடுத்தார். போராடிய தலைவர் ஒருவர் இனவாதத்தின் குரலாக மாறியமை அவரது தனிமனித குணக்கேடு மட்டுமன்று. தொழிற்சங்கவாதம் தன் எல்லையைத் தாண்டி அரசியல் விளக்கமொன்றைத் தேடாதபோது, நெருக்கடிக் காலத்தில் அது கையில் அகப்படும் விளக்கத்தைப் பற்றிக்கொள்கிறது. இலங்கையில் அகப்பட்ட விளக்கம் இனவாதமாக இருந்தது.

3

நாட்டின் மிகப் பெரிய துணி ஆலையாக விளங்கிய வெள்ளவத்தை ஆலையில் அக்காலத்தில் ஏறத்தாழ 1,400 பேர் வேலை செய்தனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் இந்திய வம்சாவளியினர்; எஞ்சியோர் சிங்களவர். மேனாட்டில் கல்வி கற்று, மார்க்சியச் சிந்தனையோடு திரும்பிய இளைஞர்கள் அந்நேரம் வாலிபர் சங்கங்களில் இயங்கிக்கொண்டிருந்தனர். அவர்கள் இங்கு வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தனர். கொல்வின் ஆர். டி சில்வா அதன் தலைவர். வேர்ணன் குணசேகர செயலாளர். 1933இல் வேலைநிறுத்தம் வெடித்தபோது, குணசிங்க அதனை உடைக்கும் பக்கத்தில் நின்றார். பத்தாண்டுகளுக்கு முன் தொழிலாளருக்கு வேலைநிறுத்தம் செய்யக் கற்பித்தவரே கருங்காலிகளுக்குத் தலைமை தாங்கும் நிலைக்கு வந்தார்.

இதன் வரலாற்று முக்கியத்துவம் யாது? புதிய தலைமைக்கு அன்று இரு வழிகள் திறந்திருந்தன. பெரும்பான்மை இனத்தின் மனக்குறையை ஊட்டி வளர்த்து இலகுவாகப் பலம் பெறுவது ஒரு வழி. குணசிங்க அதனைத் தேர்ந்திருந்தார். வாக்குப் பலமோ செல்வாக்கோ இல்லாத பிறமொழித் தொழிலாளரோடு நின்று, சிங்களத் தொழிலாளரையும் அவ்வணிக்கு அழைப்பது மற்றது. இளைஞர்கள் இரண்டாவது வழியைத் தேர்ந்தனர். அதே ஆண்டில் அவர்கள் முன்னெடுத்த சூரிய மல் இயக்கமும், 1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய்க் காலத்தில் அவர்கள் ஆற்றிய நிவாரணப் பணியும் அவர்களைக் கிராம மக்களிடையே கொண்டு சேர்த்தன. ஆயினும் ஆலைவாயிலில் எடுத்த நிலைப்பாடே அவர்களைப் பழைய தலைமையிலிருந்து வேறுபடுத்திற்று எனலாம்.

வடக்கிலும் இதற்கு இணையான ஒரு விழிப்பு நிலவியது. ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் வழிநடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், டொனமூர் அரசியல் திட்டம் பூரண சுயராச்சியத்தை வழங்கவில்லை என்ற காரணத்தால், 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தது. கொழும்பின் தீவிரவாத இளைஞர் அதனை வரவேற்றனர். வடக்கும் தெற்கும் ஒரே ஏகாதிபத்திய எதிர்ப்புணர்வில் சந்திக்கும் வாய்ப்பு அன்று இருந்தது.

4

அடுத்த இருபதாண்டுகள் இத்தேர்வின் பெறுபேறுகளைக் காட்டுவன. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியானார். சமசமாஜக் கட்சி அன்று தோட்டப் புறங்களில் ஊன்றிய கால் வெள்ளையரான தோட்டத்துரைமாரையும் அரசையும் கலங்கச் செய்தது. அவ்வாண்டு நடுப்பகுதியில் அதன் தலைவர்கள் சிறையிடப்பட்டனர். சர்வதேச இயக்கத்தின் பிளவு இங்கும் எதிரொலித்தது. சமசமாஜக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டோர் 1943 ஜூலையில் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தனர். எனினும் இரு சாராரும் இனச் சமத்துவம் பற்றிய நிலைப்பாட்டில் அன்று வேறுபட்டிலர்.

1947ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தில் ஜூன் 5ஆந் திகதி கொழும்பில் பொலிஸார் சுட்டதில் உயிரிழந்தவர் கந்தசாமி. அரசாங்க லிகிதர் சேவைச் சங்கத்தைச் சேர்ந்தவர். ஒரு தமிழ் எழுதுவினைஞரின் மரணத்தைச் சிங்களத் தொழிலாளர் தம் தியாகியின் மரணமாகக் கொண்டாடிய காலம் அது. அதே ஆண்டுப் பொதுத்தேர்தலில் இடதுசாரிக் கட்சிகள் 18 ஆசனங்களைப் பெற்றன. மலைநாட்டில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வெற்றி பெற்றது; வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணைநின்றன.

ஆளும் வர்க்கம் இதன் பொருளை உடனே உணர்ந்துகொண்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் சட்டங்களும் ஏறத்தாழ 7 இலட்சம் மக்களை நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கின. இச்சட்டங்களை இடதுசாரிகள் எதிர்த்தனர். தமிழ்த் தலைமையின் ஒரு பகுதியோ அரசாங்கத்தில் அமர்ந்தது. இவ்வுண்மையைத் தமிழ் வாசகர் மறத்தலாகாது.

ஆனால் தோல்வி தோல்வியே. நாட்டின் மிகப் பெரிய பாட்டாளி வர்க்கப் பகுதி அரசியலிலிருந்து வெட்டி அகற்றப்பட்டது. அரிசி விலை உயர்வுக்கு எதிராக 1953 ஆகஸ்ட் 12ஆந் திகதி நடைபெற்ற ஹர்த்தால் அரசாங்கத்தைக் குலுக்கியது. மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூட நேர்ந்தது. அந்நாளிலும் தோட்டத் தொழிலாளரின் பெரும்பகுதி அப்போராட்டத்துக்கு வெளியே நின்றது. உரிமை பறிக்கப்பட்ட ஐந்தாண்டுகளின் விளைவு அதுவாகும்.

5

இதன்பின் ஏற்பட்ட மாற்றத்தை நாம் நிதானமாக ஆராய வேண்டும். 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து இடதுசாரிகள் பேசினர். மொழிச் சமத்துவம் கேட்டமைக்காகத் தாக்கவும் பட்டனர். அதே ஆண்டில் பருத்தித்துறை மக்கள் கம்யூனிஸ்ட் கட்சியின் பொ. கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மொழியுரிமைக்கும் சோஷலிசத்துக்கும் இடையே முரண்பாடில்லை என வடபகுதி மக்கள் கருதியதற்கு இதுவே சான்று.

1964 ஜூனில் சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் சேர்ந்தது. அவ்வரசாங்கமே அக்டோபர் 30ஆந் திகதி இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியுடன் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கவும் இணங்கிற்று. இதில் தொழிலாளரின் சம்மதம் கேட்கப்படவில்லை. 1966 ஜனவரி 8ஆந் திகதி தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளை எதிர்த்துக் கொழும்பில் நடந்த ஊர்வலத்தில் சமசமாஜிகளும் மொஸ்கோ சார்புக் கம்யூனிஸ்டுகளும் பங்குகொண்டனர். 1972 மே 22ஆந் திகதி நடைமுறைக்கு வந்த குடியரசு யாப்பு சிங்களத்தின் அரசகரும மொழி நிலையை யாப்புரீதியாக உறுதிப்படுத்தியது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது. சிறுபான்மையோருக்குப் பாதுகாப்பாகக் கருதப்பட்ட சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை ஒழித்தது. அவ்யாப்பை உருவாக்கும் பணியை நடத்திய அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா, பெருந்தோட்டத்துறையும் அவரது பொறுப்பிலேயே இருந்தது. வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளரின் சங்கத்துக்கு 1933இல் தலைமை தாங்கியவர் அவரே.

இதனைத் துரோகம் என்ற ஒரு சொல்லால் கூறி முடித்துவிடுவது எளிது. ஆனால் அது விளக்கமாகாது. வாக்குரிமை இழந்த தோட்டத் தொழிலாளர் பாராளுமன்றக் கணக்கில் பெறுமதியற்றோராயினர். பாராளுமன்றப் பாதையையே பிரதான பாதையாக ஏற்றுக்கொண்ட கட்சிகளுக்குச் சிங்களக் கிராமப்புற வாக்காளரின் ஆதரவு இன்றியமையாததாயிற்று. 1948இன் சட்டங்கள் தொழிலாளரை மட்டுமன்றி, அவர்களுக்காகப் பேசிய கட்சிகளின் சமூக அடித்தளத்தையும் மாற்றின. அடித்தளம் மாறியபோது கொள்கையும் படிப்படியாக இறங்கிற்று.

பாராளுமன்றத்துக்கு வெளியே நின்றோரும் இதிலிருந்து தப்பினர் என்று கூற முடியாது. 1971 ஏப்ரலில் கிளர்ந்தெழுந்த மக்கள் விடுதலை முன்னணியின் வகுப்புகளுள் ஒன்று 'இந்திய விஸ்தரிப்புவாதம்' பற்றியதாகும். மலையகத் தொழிலாளரைச் சந்தேகத்துக்குரியோராக அது நோக்கிற்று. ஆயுதம் ஏந்திய புரட்சிவாதமும் குணசிங்கவின் பழைய வாதத்தையே புதிய சொற்களில் பேசிற்று.

மறுபுறத்தில், வேறொரு வழி இயலாததன்று என்பதற்கும் சான்று உண்டு. நா. சண்முகதாசன் தலைமையிலான கம்யூனிஸ்டுகள் 1966 அக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நடத்திய தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், அதன் தொடர்ச்சியாக எழுந்த ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் சாதி ஒடுக்குமுறையை வர்க்கப் போராட்டத்தின் உள்ளே கொண்டுவந்தன. கே. டானியலின் 'பஞ்சமர்' போன்ற நாவல்கள் அப்போராட்டக் களத்திலிருந்தே எழுந்தன. பிறப்பால் சுமத்தப்பட்ட ஒடுக்குமுறையை 'வர்க்கத்துக்குப் புறம்பானது' என ஒதுக்காமல் கையேற்றபோது, இயக்கம் மக்களிடையே வேரூன்றியது. இலக்கியமும் வளம் பெற்றது. அதே அணுகுமுறை மொழி, இன ஒடுக்குமுறை விடயத்தில் முழுமையாகக் கைக்கொள்ளப்படாமையே நமது இடதுசாரி மரபின் பெருங்குறை.

6

1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் 40,000க்கு மேற்பட்ட ஊழியர் வேலைநீக்கப்பட்டனர். தொழிற்சங்கங்களின் முதுகெலும்பு முறிக்கப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து, 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, வீதியில் இறங்கித் தடுக்கக்கூடிய தொழிலாளர் இயக்கம் கொழும்பில் இருக்கவில்லை. இவ்விரு ஜூலைகளையும் தனித்தனியே படிப்போர் இரண்டையுமே விளங்கிக்கொள்ளாதோராவர்.

நாடற்றோர் பிரச்சினைக்கு முடிவு கட்டும் சட்டம் 2003இல் நிறைவேறிற்று. இடையில் 55 ஆண்டுகள் கழிந்தன. 2024 நவம்பர்ப் பொதுத்தேர்தலில் மக்கள் விடுதலை முன்னணியை மையமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி நாடளாவிய பெருவெற்றி பெற்றதுடன், யாழ்ப்பாண மாவட்டத்திலும் முதலிடம் பெற்றது. தமிழ் மக்கள் நம்பிக்கை வைக்கத் தயாராக உள்ளனர் என்பதற்கு 1956இல் பருத்தித்துறை அளித்த சான்றை இம்முடிவு மீண்டும் அளித்திருக்கிறது. அந்நம்பிக்கைக்கு உரிய விடை இடதுசாரி மரபினரிடமிருந்தே வரவேண்டும்.

ஹெந்தளையிலிருந்து வெள்ளவத்தை வரை நீளும் இக்கரையோரத்தில் சிங்களமும் தமிழும் பேசும் உழைப்பாளர் இன்றும் ஒரே பேருந்தில் வேலைக்குச் செல்கின்றனர். ஒரே விலைவாசியால் வருந்துகின்றனர். அவர்களை ஒன்றிணைக்கும் பொருளாயத அடிப்படை மறைந்துவிடவில்லை. அந்த அடிப்படை ஒன்றே போதும், ஒற்றுமை தானாகக் கனியும் என்ற எண்ணத்தையே நமது வரலாறு பொய்யாக்கியுள்ளது. பலவீனமான தொழிலாளியின் உரிமையைப் பலமுள்ள தொழிலாளி தனது உரிமையாகக் கொள்ளும்போதுதான் வர்க்கம் என்ற சொல் உயிர்பெறுகிறது. ஆலை இடிந்துவிட்டது, ஆலைவாயிலில் எழுந்த வினா இன்னும் விடை கேட்டு நிற்கிறது.