ஓர் அத்தியாயம் அல்லது பத்து சதவீதம்

சென்ற வருஷம் ஒரு பல்கலைக் கழக நூலகத்துக்கு எழுதியிருந்தேன். ஒரு விமர்சன நூலிலிருந்து ஓர் அத்தியாயத்தை, முப்பது பக்கம் இருக்கும், ஸ்கேன் செய்து அனுப்ப முடியுமா என்று. பதிலுக்கு ஒரு படிவம் வந்தது. பாடத்தின் பெயர், ஆசிரியரின் பெயர், மாணவர் எண்ணிக்கை என்று மூன்று கட்டங்கள். மூன்றிலும் எழுத என்னிடம் எதுவுமில்லை. நான் வங்கி குமாஸ்தா. கட்டங்கள் நிரம்பாத செலானைத் தினமும் திருப்பித் தருகிறவன் என்பதால் கோபப்படவும் யோக்யதை இல்லை. ஆனால் இந்த மூன்று கட்டங்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது வாசிப்பின் சரித்திரமும்கூட.

பாடத்துக்காகப் புத்தகத்தைத் துண்டுபோடுவது புதிய காரியமல்ல. 13ஆம் நூற்றாண்டில் பொலோனாவிலும் பாரிஸிலும் பல்கலைக் கழகத்துக்குக் கட்டுப்பட்ட புத்தக வியாபாரிகள் இருந்தார்கள். பாட நூலின் சரிபார்க்கப்பட்ட மூலப் பிரதியைக் கட்டாமல், தனித்தனித் துண்டுகளாக வைத்திருப்பார்கள். ஒரு துண்டுக்குப் ‘பேசியா’ என்று பெயர். மாணவன் ஒரு துண்டை வாடகைக்கு எடுத்து, தானே எழுதிக்கொண்டோ எழுத்தனிடம் கொடுத்து எழுதிக்கொண்டோ, திருப்பித் தந்துவிட்டு அடுத்ததை எடுத்துப் போவான். வாடகையைப் பல்கலைக் கழகமே நிர்ணயித்தது. அன்றும் வாசிப்புக்கு விலை உண்டு. அந்த விலையை வைத்தவர்கள் படிப்பவர்களின் பக்கம் இருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

கையால் எழுதிக்கொள்வது பிறகும் நிற்கவில்லை. செஸ்டர் கார்ல்ஸன் என்பவர் நியூயார்க்கில் பகலில் காப்புரிமை சம்பந்தமான உத்தியோகம் பார்த்துக்கொண்டு, இரவில் சட்டம் படித்தார். சட்ட நூல்களை வாங்கக் காசில்லாமல் பொது நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதினார். கை வலித்தது. 1938இல் அவர் உலர்ந்த முறையில் எடுத்த முதல் பிரதிதான் பின்னால் ஜெராக்ஸ் ஆயிற்று. 1959இல் 914 என்ற இயந்திரம் சந்தைக்கு வந்தது. புத்தகம் வாங்க முடியாத ஒரு மாணவனின் கைவலியிலிருந்து பிறந்தது அந்த இயந்திரம். அதன் பிறப்பே அதன் நியாயம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் நீதிமன்றங்கள் அப்படிப் பார்க்கவில்லை.

1991இல் நியூயார்க் நீதிமன்றம், பேராசிரியர்கள் கொடுத்த பட்டியல்படி அத்தியாயங்களை நகலெடுத்துக் கட்டி விற்ற கிங்கோஸ் என்ற கடைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 5 தொகுப்புகளிலிருந்த 12 பகுதிகளுக்காக 5,10,000 டாலர் நஷ்ட ஈடு. அடுத்து, காகிதமே இல்லாமல் ஸ்கேன் செய்து மாணவர்களுக்குக் கொடுத்த ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக் கழகத்தின் மேல் 2008இல் வழக்கு. கேம்பிரிட்ஜும் ஆக்ஸ்போர்டும் வாதிகளில் அடக்கம். அது முடிய 2020 ஆயிற்று. பிரிட்டனில் வழக்கில்லாத வழி ஒன்று கண்டார்கள். பல்கலைக் கழகம் வருஷா வருஷம் உரிமம் வாங்க வேண்டும். ஆசிரியர் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு பாடத்துக்கு ஒரு நூலிலிருந்து ஓர் அத்தியாயம் அல்லது பத்து சதவீதம், இதில் எது அதிகமோ அது. ஸ்கேனின் முன்னால் எச்சரிக்கைப் பக்கம் ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஒழுங்கான ஏற்பாடு. பாங்கில் வேலை செய்கிறவனுக்குப் பிடிக்கத்தான் வேண்டும்.

2012இல் அதே கேம்பிரிட்ஜும் ஆக்ஸ்போர்டும், டெய்லர் அண்ட் ஃபிரான்ஸிஸைச் சேர்த்துக்கொண்டு, டெல்லிக்கு வந்தன. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்திலிருந்த ராமேஸ்வரி என்ற சிறிய நகல் கடையும் டெல்லிப் பல்கலைக் கழகமும் பிரதிவாதிகள். பக்கத்துக்கு 40 காசு வாங்கிய கடை அது. நம் 1957ஆம் வருஷத்துச் சட்டத்தில், போதிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ நகல் எடுப்பது மீறல் ஆகாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதைக் கொண்டு நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா 2016 செப்டம்பரில் வழக்கைத் தள்ளினார். தீர்ப்பில் அவர் தம் மாணவப் பருவத்தை நினைவுகூர்கிறார். அவரும் நண்பர்களும் முறை வைத்து நூலகத்தில் உட்கார்ந்து அத்தியாயங்களைக் கையால் எழுதினார்களாம். கையால் செய்தபோது குற்றமாகாதது, இயந்திரம் சுலபமாக்கியதால் குற்றமாகிவிடாது என்பது வாதம். கார்ல்ஸனின் கைவலிக்குச் சட்டத்தில் கிடைத்த பதில் இதுதான் என்று எனக்குப் பட்டது. மேல்முறையீட்டில், போதனைக்கு எவ்வளவு தேவையோ அதுவே அளவு என்றார்கள். பக்கக் கணக்கு வைக்கவில்லை. சில விஷயங்களை விசாரிக்கச் சொல்லி வழக்கு திரும்பியது. 2017 மார்ச்சில் பதிப்பாளர்களே விலகிக்கொண்டார்கள்.

இது வெற்றிதான். ஆனால் யாருடைய வெற்றி? ஆசிரியரும் மாணவரும் காப்பாற்றப்பட்டார்கள். சிறுபத்திரிகை படிக்கிற நாம் பெரும்பாலும் இரண்டுமல்ல. தபால் ஆபீஸிலும் பள்ளிக்கூடத்திலும் இன்ஷூரன்ஸ் ஆபீஸிலும் இருந்துகொண்டு படிக்கிறவர்கள். தமிழில் தீவிரமான விவாதம் பெரிதும் இப்படிப்பட்டவர்களால்தான் நடந்திருக்கிறது. பாடத் திட்டத்தால் அல்ல. தனி நபரின் சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் அதே சட்டம் இடம் தருகிறது என்பது உண்மை. சட்டம் திறந்த கதவைப் படிவம் சாத்துகிறது. 1924இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகரான ரங்கநாதன் 1931இல் ஐந்து விதிகள் வெளியிட்டார். அவற்றில் வாசகனிடம் எந்தத் தகுதியும் கேட்கப்படவில்லை.

துண்டுகளாகப் படித்ததன் நஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். கல்லூரி நாளில் என்னிடம் இருந்த ஒரு விமர்சனக் கட்டுரையின் நகலில் நடுவே இரண்டு பக்கம் இல்லை. அந்த நகலை வைத்துக்கொண்டு நண்பர் ஒருவருடன் இரண்டு வருஷம் சண்டை போட்டேன். பின்னால் முழுப் புத்தகம் கிடைத்தபோது, அந்த இரண்டு பக்கத்தில் ஆசிரியர் என் கட்சியை மறுத்திருந்தார். நண்பருக்கு இதை நான் இன்னும் எழுதவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

எனவே, பத்து சதவீதம் போதும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பத்து சதவீதத்துக்குக்கூட ஒரு பாடத்தின் பெயர் வேண்டியிருக்கிறது என்பதே என் புகார். கடைசியில் ஆசிரியராக உள்ள ஒருவர் தம் பெயரில் எனக்காக விண்ணப்பித்தார். அத்தியாயம் வந்தது. இரண்டு முறை படித்தேன், நல்ல அத்தியாயம். சட்டப்படி நான் கோரக்கூடிய ஒன்றை ஒரு பொய்யால் பெற்றிருக்கிறேன் என்பது மட்டும் உறுத்துகிறது. படிவத்தில் நான்காவது கட்டம் ஒன்று சேர்க்கலாம்: பாடம் இல்லை, படிக்க வேண்டும்.