கடலடியில் ஒரு வீடு

அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஜார்ஜ் பாண்ட் தம் ஆய்வுக்குச் சூட்டிய பெயர் 'ஜெனிசிஸ்', அதாவது தொடக்கநூல். கடல்வாழ் உயிர்கள்மீதும் மாந்தருக்கு இறைவன் ஆளுகை அளித்தார் என்னும் அதன் முதல் அதிகாரமே அவர் உள்ளத்தில் இருந்தது. கனெக்டிகட் மாநிலத்து நியூ லண்டனில் 1957-இல் எலிகள், ஆடுகள் எனத் தொடங்கிய சோதனை, 1962-இல் மனிதரிடம் வந்து சேர்ந்தது.

அவர் கண்ட உண்மை எளியது. ஆழத்தில் நாம் உட்கொள்ளும் வாயு, அழுத்தத்தினால் உடலில் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், மூடி திறந்த சோடாப் புட்டிபோல் அது குமிழியிட்டு ஆளையே முடக்கிவிடும். ஆனால் ஏறத்தாழ ஒரு நாளில் உடல் தன்னால் இயன்ற அளவு வாயுவைக் கொண்டுவிடுகிறது. அதன்பின் ஒரு வாரம் தங்கினாலும் ஒரு மாதம் தங்கினாலும், படிப்படியாக மேலேற வேண்டிய காலம் ஒன்றே. அப்படியாயின் அங்கேயே வீடமைத்து வாழ்ந்தால் என்ன?

பிரான்சு நாட்டுக் கூஸ்தோ முந்திக்கொண்டார். 1962 செப்டம்பரில் மார்செய் அருகே 10 மீட்டர் ஆழத்தில் அவருடைய ஆட்கள் இருவர் ஒரு வாரம் தங்கினர். பாண்டின் 'சீலாப்' வீட்டில் நால்வர் 1964 ஜூலையில் பெர்முடா அருகே 58 மீட்டர் ஆழத்தில் 11 நாள்கள் வாழ்ந்தனர். புயல் நெருங்கியதால் முன்கூட்டியே மேலேற்றப்பட்டனர். அவ்வாழத்தில் நைட்ரஜன் மதியை மயக்கும். எனவே ஹீலியமே மிகுதியாகக் கலந்த காற்றைச் சுவாசித்தனர். அது பேச்சை வாத்தின் குரலாக்கியது (மேலிருந்தோர்க்கு ஒன்றும் விளங்கவில்லை), உடற்சூட்டையும் கவர்ந்துகொண்டது. மறு ஆண்டு கலிபோர்னியக் கரையருகே 62 மீட்டர் ஆழத்தில் 30 நாள்கள் தங்கிய விண்வெளி வீரர் ஸ்காட் கார்ப்பென்டர், ஜெமினி-5 கலத்தில் உலகை வலம்வந்த கார்டன் கூப்பருடன் உரையாடினார்.

மூன்றாவது வீடு, 1969 பிப்ரவரியில் சான் கிளெமென்டே தீவருகே 186 மீட்டர் ஆழத்தில் இறக்கப்பட்டது. அதிலிருந்து ஹீலியம் கசிந்தது. அடைக்கச் சென்றோர் குளிரில் விறைத்துத் திரும்பினர். சில மணி நேரத்தில் மீண்டும் அனுப்பப்பட்டனர். பிப்ரவரி 17 அன்று பெரி கேனன் கடலடியில் வலிப்புற்றார். உடனிருந்த பாப் பார்த் மாற்று மூச்சுக்குழாயை அவர் வாயில் செலுத்த முயன்றும் இயலவில்லை. கேனன் இறந்தார். வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்ச வேண்டிய வேதிப்பொருள், சுவாசக் கருவி ஒன்றின் கலத்தில் இடப்படவே இல்லை என்பது பின்னர்த் தெரியவந்தது.

தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்தில், தோட்டத்தைப் பண்படுத்தும் பணியோடு அதைக் காக்கும் பணியும் மனிதனுக்குத் தரப்படுகிறது. பாண்டின் திட்டம் முதல் அதிகாரத்தோடு நின்றுவிட்டதோ என எண்ணத் தோன்றுகிறது. அவரது துணிவை நான் குறைத்து மதிக்கவில்லை. எனினும் குளிர்ந்து களைத்தவனை உறங்க விடுவதும், ஒரு சிறு கலம் நிரம்பியுள்ளதா எனத் திறந்து பார்ப்பதும் ஆளுகையில் அடங்காதவையா?

சீலாப் திட்டம் அத்துடன் கைவிடப்பட்டது. பாண்டின் முறையோ வாழ்கிறது. வடகடல் எண்ணெய்க் குழாய்களைச் செப்பனிடுவோர், கடலடியின் அழுத்தத்தை ஏற்றிய அறையில், கப்பல் தளத்திலேயே வாரக்கணக்கில் உண்டு உறங்குகின்றனர். பணிக்கு மட்டும் ஒரு கலத்தில் கீழே இறக்கப்படுகின்றனர். பணி முடிந்தபின், சில அடி தொலைவிலுள்ள தளத்தில் கால்வைக்க அவர்களுக்குப் பல நாள்கள் ஆகின்றன.