ஆபுத்திரன்: வசைச்சொல் பெயரான வரலாறு

பசுவுக்குத் தமிழில் ‘ஆ’ என்பது பழைய பெயர். பேச்சில் அது மறைந்தாலும், கோட்டக்குப்பம் கடைத்தெருவில் வாங்கும் ‘ஆவின்’ பால் பாக்கெட்டில் இன்றும் நிற்கிறது. அந்த ஓரெழுத்துச் சொல்லோடு ‘புத்திரன்’ சேர்ந்த பெயர்தான் பௌத்தக் காப்பியமான மணிமேகலையில் வரும் ஆபுத்திரன். குமரியில் நீராடப் புறப்பட்ட சாலி, வழியில் ஈன்று ஒரு தோட்டத்தில் விட்டுப்போன குழந்தை அவன். அழுகுரல் கேட்டு வந்த பசு நாவால் நக்கிக் கொடுத்து ஏழு நாள் பாலூட்டியது. கண்டெடுத்த இளம்பூதி என்னும் அந்தணன், இவன் பசுவின் மகன் அல்லன், என் மகன் என்றான். அன்பினால்தான் மறுத்தான், ஆனால் அந்தச் சொல்லில் இழிவு இருப்பதாக அவனும் எண்ணியிருக்கிறான். பின்னாளில் வேள்விக்குக் கட்டிய பசுவை ஆபுத்திரன் அவிழ்த்து ஓட்டிச் சென்றபோது, அந்த இழிவு ‘ஆமகன்’ என்ற வசையாகவே வெளிப்பட்டது. அவன் கூசவில்லை. பசுவுக்குப் பிறந்த அசலன், மானுக்குப் பிறந்த சிருங்கி என்று முனிவர்களை எண்ணிக்காட்டினான். ‘ஆமகன்’, ‘ஆபுத்திரன்’ இரண்டுக்கும் பொருள் ஒன்றே. வசையாக வீசப்பட்ட பொருளையே காப்பியம் அவனுக்குப் பெயராக்கி, 13ஆம் காதையின் தலைப்பிலும் ஏற்றிவைத்தது.

பசு அந்தப் பெயரோடு நின்றுவிடவில்லை. மதுரையில் சிந்தாதேவி என்னும் தெய்வம் அவனுக்குக் கொடுத்த, சோறு குறையாத பாத்திரம் அமுதசுரபி. சுரபி என்றாலும் பசுதான். அதை அவன் விட்ட மணிபல்லவத்துப் பொய்கை கோமுகி, அதாவது பசுமுகம். ‘சுரபி’ சுரத்தல் என்னும் தமிழ் வினையிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. அப்படிக் கொண்டாலும் வாதம் தளராது. சுரப்பது மடி அல்லவா? விலங்கு பாலூட்டிய குழந்தைக் கதை பல நாடுகளில் உண்டே, இதில் பௌத்தம் எங்கே என்று கேட்கலாம். அத்தகைய கதைகளில் பெரும்பாலும் குழந்தையின் அரச குலம் கடைசியில் தெரியவரும். இங்கே தெரியவருவது தாயின் பிழை. அதைக் கேட்டும் ஆபுத்திரன் நகைக்கிறான். புத்தரின் மகன் இராகுலனின் பெயருக்கே ‘தளை’ என்று பொருள் சொல்வது பாலி மரபு; அங்கே குழந்தை துறவிக்கு ஒரு கட்டு. தமிழ்க் காப்பியத்திலோ குழந்தை அறத்தின் தொடக்கம். ஒருவன் யார் என்பதைப் பிறப்பு சொல்லாது, அவன் பசியை யார் ஆற்றினார், அவன் யார் பசியை ஆற்றினான் என்பதே சொல்லும் என்ற பௌத்த நெறி இந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. ஏழு நாள் குடித்த பாலைத்தான் அந்தப் பாத்திரம் ஊருக்கெல்லாம் சோறாகச் சுரந்தது.