கேள்விக்குறிக்குப் பின்னால்

ஹைதராபாத்தில் வீடு தேடுகிறவர், குக்கட்பல்லி, இரண்டு படுக்கையறை, வாடகை இருபதாயிரத்துக்குள் என்று தளத்தில் வடிகட்டி வைத்திருப்பார். 'அடுத்த பக்கம்' அழுத்தியதும் ஊரிலுள்ள வீடெல்லாம் வந்து நிற்கும். பக்க எண்ணை மட்டும் மாற்றியிருக்க வேண்டிய இணைப்பு, யூஆர்எல்லில் கேள்விக்குறிக்குப் பின்னால் இருந்த மற்றதையெல்லாம் துடைத்துவிட்டது. பக்கத்தின் அச்சான டெம்ப்ளேட்டுக்குள் இருந்து இணைப்பு முகவரியைக் கட்டித் தரும் ஹெல்பர்கள் பிறந்தது இந்த மாதிரித் தொல்லைகளில்தான்.

யூஆர்எல்லை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 2011இல் இதே ஹைதராபாத்தில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில் பேசினார். முகவரியின் தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோடு தேவையே இல்லை என்று 2009இல் ஒப்புக்கொண்டவர் அவர். சாய்கோட்டைப் பிரவுசர் பார்த்துக்கொள்ளும். கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதைக் கோக்கும் வேலை புரோகிராமர் தலையில் விழுந்தது. ஆரம்பத்தில் துண்டு துண்டாகக் கையால்தான் ஒட்டினார்கள். இடைவெளியை அப்படியே விடக்கூடாது. தமிழில் தேடினால் இன்னும் மோசம்: 'ஹைதராபாத்' என்ற ஒரே சொல் சதவீதக் குறிகளோடு 81 எழுத்தாக நீளும்.

2004இல் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற ஃபிரேம்வொர்க் 'யூஆர்எல் ஃபார்' என்ற ஹெல்பரைத் தந்தது. எந்தப் பக்கம் வேண்டும் என்று சொன்னால் போதும், முகவரியை அது கட்டிக்கொடுக்கும். இன்னொரு ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவிலும் இப்படியொரு 'யூஆர்எல்' டேக் வந்தது. பாதையை ஓரிடத்தில் மாற்றினால் எல்லா டெம்ப்ளேட்டிலும் மாறிவிடும்.

புதிதாகக் கட்டுவது இப்படிச் சுலபமாயிற்று. இருப்பதில் ஒன்றை மட்டும் மாற்றுவதுதான் இழுத்தடித்தது. வேர்ட்பிரஸ்ஸில் அதற்கென்றே 'ஆட் கொய்ரி ஆர்க்' இருந்தது. முகவரி எதையும் கொடுக்காவிட்டால் நடப்புப் பக்கத்தின் முகவரியையே எடுத்துக்கொள்ளும் வசதியான ஃபங்ஷன் அது. வசதியே வினையாயிற்று. அந்த முகவரியில் யாரும் எதையும் எழுதி அனுப்பலாம். ஃபங்ஷன் அதைச் சுத்தம் செய்து தரும் என்று பலர் நம்பினார்கள். அது செய்யவில்லை. 2015 ஏப்ரலில் பிரபலமான பிளகின்கள் பலவற்றில் இந்த ஓட்டை அம்பலமாகி, வரிசையாக அப்டேட் விட வேண்டியதாயிற்று.

ஜாங்கோக்காரர்கள் இந்த மாற்று வேலைக்கு ஆளுக்கொரு டேக் எழுதி, புராஜெக்டுக்கு புராஜெக்ட் காப்பியடித்துக்கொண்டிருந்தார்கள். 2005இல் வெளிவந்த ஒரு ஃபிரேம்வொர்க் இதற்கு இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது எனக்கு இன்னும் வியப்புதான். 2024 ஆகஸ்டில் வந்த 5.1 பதிப்பில்தான் 'கொய்ரிஸ்ட்ரிங்' டேக் சேர்ந்தது. பக்கம் 3 என்றால் பக்கத்தை மட்டும் மாற்றும். ஏதாவது ஒன்றுக்கு 'நன்' என்று கொடுத்தால் அந்த ஒன்றை மட்டும் நீக்கும். குக்கட்பல்லியும் வாடகையும் இருந்த இடத்திலேயே இருக்கும்.